அப்பனுக்கு அஞ்சு ஆடு

ஒரு அப்பாவின் விலை ஐந்து ஆடு என்றார் நம்ஹாய். ஐந்தும் கொழுத்த வால் ஆடுகளாக இருக்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை.

சோய்ஜில் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தாமல் சிரித்துவைத்தான். "ஒத்தைப் பெட்டைக்குப் போய் அஞ்சா, அண்ணே? மூணு வச்சுக்குங்க."

"மூணு ஆட்டுக்கு மூணு கால் குட்டிதான் பிறக்கும், தம்பி. பரவாயில்லையா?"

பேச்சு நம்ஹாயின் கறுப்புப் பொலிகுதிரையைச் சோய்ஜிலின் பெட்டையோடு சேர்ப்பது பற்றி. முழங்கால் வரை தொங்கும் அதன் பிடரி மயிரை அவர் தன் சொந்தச் சீப்பால் தினமும் வாரிவிடுவார். அதற்குப் பிறந்த செவலைக் குட்டியைப் பற்றிப் பேசாத கூடாரம் ஹெர்லென் ஆற்றோரத்தில் கிடையாது. "இது கறுப்பனோட மகளா?" என்று வழிப்போக்கர் யாராவது கேட்டுவிட்டால் போதும், அவருக்கு நம்ஹாய் வீட்டில் இரண்டாவது கிண்ணம் தேநீர் நிச்சயம்.

சோய்ஜிலுக்கு அந்தச் செவலை பிறந்த நாளிலிருந்தே வியாதி. இரண்டு மந்தைக்கும் பொதுவான கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்பும்போது தன் குதிரைகளை எண்ண மறந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அது துள்ளி ஓடினால் அன்றைக்கு அவனுக்கு இறைச்சி இறங்காது. ஒருநாள் அது லேசாக நொண்டியபோது இரண்டு கிண்ணம் சூப்பு கூடுதலாகக் குடித்தான்.

விலைக்கும் கேட்டுப் பார்த்தாயிற்று. மோட்டார் சைக்கிளோடு மனைவி துல்மாவின் தையல் மெஷினையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னான், துல்மாவைக் கேட்காமலே. நம்ஹாய் மசியவில்லை. துல்மா ஒரு வாரம் பேசவில்லை.

இதில் இன்னொரு எரிச்சலும் உண்டு. நாலு வருடத்துக்கு முன், புழுதிப்புயல் அடித்த வசந்தத்தில், செவலையின் அம்மா வழிதவறி வந்து ஒன்பது நாள் சோய்ஜிலின் மந்தையில்தான் நின்றது. அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டவனுக்குக் கிடைத்தது ஒரு பிடி உலர்ந்த தயிர்க்கட்டி. நம்ஹாய்க்கோ அடுத்த வசந்தமே செவலை கிடைத்தது.

"சரி, நாலு," என்றான் சோய்ஜில்.

"அஞ்சு."

"நாலு ஆடு, ஒரு குட்டி."

"அந்தக் குட்டி வளர்ந்து ஆடாகுற வரைக்கும் என் கறுப்பன் காத்துக்கிட்டு நிக்குமா? அஞ்சு."

சோய்ஜில் பெருமூச்சு விட்டான். "அஞ்சே இருக்கட்டும். வெள்ளைப் பெட்டையை நாளைக்கு ஓட்டிட்டு வரேன். ஆனா செவலை மாதிரியே ஒண்ணு பிறக்கணும்."

"பிறக்கும். முதல்ல உன் கிழவனுக்குக் காயடிச்சிடு. அது பக்கத்துல திரிஞ்சா என் கறுப்பனுக்கு ஆகாது."

கிழவன் என்றது சோய்ஜிலின் மண் நிறப் பொலிகுதிரையை. பிடரி முழுக்க முள்ளும் சடையும். ஒரு காதின் நுனி ஓநாய்க்குப் போயிருந்தது. குளிர்காலத்து ரோமம் இன்னும் பாதி உதிராமல் பழைய கம்பளி போலத் தொங்கியது.

"அதுக்குத்தானே கத்தி தீட்டுறேன்," என்றான் சோய்ஜில். "நாளைக்குக் காலையில வேலை முடிஞ்சிடும். அதோட வம்சம் போதும்."

சற்றுத் தள்ளி, கயிற்றில் கட்டியிருந்த ஒரு பெட்டைக் குட்டியின் தொடையை உப்புத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள் துல்மா. "உங்க கிழவன் பண்ணியிருக்கிறதை இங்க வந்து பாருங்க. பெத்த பொண்ணு மேல பல்லு மொத்தமும் பதிஞ்சிருக்கு."

"அவளுக்கு மூணு வயசாயிடுச்சுல்ல. வயசுக்கு வந்த மகளை எந்தப் பொலிகுதிரை கூட வச்சுக்கும்? கடிச்சு அடுத்த மந்தைக்குத் துரத்தத்தான் செய்யும். அந்த ஒரு விஷயத்துலதான் நம்ம கிழவன் ஒழுங்கு."

அவன் பேரத்தை முடிக்கும் அடையாளமாகத் தன் மூக்குப்பொடிக் குப்பியை எடுத்து நம்ஹாயிடம் நீட்டினான். நம்ஹாய் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. விலை கொடுக்கிறவனுக்கு மனத்தாங்கல் இருக்கக் கூடாது என்று நினைக்கிற வியாபாரி அவர்.

"அஞ்சு ஆடு போச்சேன்னு நினைக்காதே, தம்பி. உருவத்தை விடு, குணத்தைப் பாரு. இந்த வசந்தம் முழுக்கக் கறுப்பன் செவலையை விட்டு ஒரு நிமிஷம் பிரியலை. கழுத்தோட கழுத்து வச்சுக்கிட்டுத்தான் நிக்கிறான். அப்பன் பாசம்னா அது."

சோய்ஜிலுக்குப் புதிதாக ஒருமுறை வயிறு எரிந்தது. இந்தப் பாசத்தைக்கூட அந்த ஆளுடைய குதிரைக்குத்தான் விதி கொடுத்திருக்கிறது பார் என்று நினைத்துக்கொண்டான்.

துல்மாவின் கை நின்றது. "செவலைக்கும் இப்ப மூணு வயசுதானே, அண்ணே?"

"முழுசா மூணு. மூணு வயசு மாதிரியா இருக்கு?"

அவள் துணியைப் பிழிந்து கயிற்றில் போட்டாள். குட்டியின் கடிவாயைப் பார்த்தாள். தூரத்தில் தொட்டியருகே, கறுப்பனின் கழுத்தில் உரசிக்கொண்டு நின்ற செவலையையும் பார்த்தாள். பிறகு நேராக வந்து, புருஷன் கையிலிருந்த கத்தியை வாங்கித் தன் இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டாள்.

"அப்போ செவலையோட அம்மா எங்க மந்தையில நின்ன அந்த ஒன்பது நாளைக்கு எங்க கிழவனுக்கு நீங்கதான் அஞ்சு ஆடு பாக்கி, அண்ணே."