முதலில் எந்த ஃபைல்?

“முதல்ல என் பாட்டையெல்லாம் எடுங்க தம்பி. கல்யாண ஆல்பத்தை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் அந்தப் பெரியவர்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, வேண்டாம் வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினார். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டிஸ்க் டாக்டருக்குச் சுருக்கென்றது. தெருவில் அவருக்கு அதுதான் பெயர். கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருவது தொழில். கூடவே, ஆட்களை எடைபோடுவது பொழுதுபோக்கு.

சாகக் கிடக்கிற டிஸ்க் எந்த நிமிஷமும் நின்றுவிடும். அதனால் வருகிறவர்களிடம் ‘முதல்ல எந்த ஃபைல் வேணும்?’ என்று கேட்டே ஆகவேண்டும். அந்தப் பதிலிலேயே ஆளின் லட்சணம் தெரிந்துவிடும் என்பது அவருடைய பத்தொன்பது வருஷ அனுபவம். பிள்ளைகள் போட்டோவைக் கேட்டால் தங்கமான மனுஷன். ஆபீஸ் ஃபைலைக் கேட்டால் பயந்தாங்கொள்ளி. சொந்தப் பாட்டைக் கேட்ட ஆள் இன்றைக்குத்தான் வந்திருக்கிறார்.

“நீங்க பாடகரா சார்?”

பாத்ரூம் பாடகர்தான் என்று கூச்சமே இல்லாமல் சொன்னார் பெரியவர். மொத்தம் முப்பத்தாறு பாட்டு. அவரே பாடி, அவரே பதிவு செய்தது.

மனைவி அவரை முழங்கையால் இடித்து, ஆல்பம், ஆல்பம் என்று காற்றில் விரலால் சதுரம் போட்டுக் காட்டினார்.

“நீ சும்மா இரு” என்றார் கணவர்.

அந்தம்மா சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு சும்மா இருந்தார். வாயில்லாப் பூச்சி. முப்பது வருஷமாக இப்படித்தான் அடக்கி வைத்திருப்பார் போல என்று டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சீட்டில் ‘முதலில் பாட்டு’ என்று எழுதிக்கொண்டு அவர்களை அனுப்பினார். அவர்கள் படியிறங்கியதும் அதை அடித்துவிட்டு ‘முதலில் ஆல்பம்’ என்று எழுதினார். தொழிலில் செய்யக்கூடாத காரியம்தான். ஆனாலும் ஒரு பெண்ணின் பக்கம் நியாயம் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா?

டிஸ்க் முக்கி முனகி வேலை செய்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு போட்டோவும் பழுதில்லாமல் வந்துவிட்டன. டாக்டர் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

போனால் போகிறதென்று அப்புறம்தான் பாட்டுக்குப் போனார். டக், டக், டக் என்றது டிஸ்க். மூன்று பாட்டைக் கொடுத்துவிட்டு அடங்கிப்போனது. பிறகு என்ன வித்தை காட்டியும் எழுந்திருக்கவில்லை.

முப்பத்துமூன்று பாட்டிலிருந்து உலகம் தப்பித்தது என்று டாக்டர் சிரித்துக்கொண்டார்.

அடுத்த நாள் இருவரும் வந்தார்கள். ஆல்பம் முழுசா கிடைச்சிருச்சு, பாட்டுல மூணுதான் தேறிச்சு என்றார் டாக்டர், முகத்தில் வராத வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு.

“மூணுதானா?” என்று கேட்டார் பெரியவர். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார்.

மீட்ட ஃபைலைத் திறந்து காட்டிவிட்டுக் கொடுப்பது கடை வழக்கம். டாக்டர் பாட்டைத் தட்டப் போனபோது அந்தம்மா அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். பெரியவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, போடுங்க என்று தலையசைத்தார்.

பாட்டு தொடங்கியது. சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். இரண்டாவது வரியை முடிப்பதற்குள் கணீரென்று ஒரு பெண்குரல் குறுக்கே விழுந்தது.

“போதும், நிறுத்துங்க. எதிர்வீட்டுக் குழந்தை இப்பதான் தூங்குது. அடுப்பை அணைங்கன்னு சொல்லி அரைமணி நேரம் ஆச்சு, அதுக்கு வக்கில்ல, பாட்டு ஒரு கேடு.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தம்மா வெட்கத்தில் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். சால்வை விலகிய கழுத்தில் நீளமாக ஒரு தழும்பு.

“போன வருஷம் தொண்டையில ஆபரேஷன். ஆள் பிழைச்சுட்டா, குரல் போயிடுச்சு” என்றார் பெரியவர். “நான் பாட ஆரம்பிச்சா இவளுக்குப் பொறுக்காது. ஒவ்வொரு பாட்டுலயும் ஒரு திட்டு இருக்கும். அது வேத்து ஆள் காதுல விழக்கூடாதுன்னுதான் வேண்டாம் வேண்டாம்னா. ஆல்பத்துல இவ பேச மாட்டாளே தம்பி.”

டாக்டர் மேஜைமேல் கிடந்த சீட்டை எடுத்து, அடித்த கோடு தெரியும்படி நீட்டினார்.

“தப்பு என்னோடது சார். அம்மா பாவம்னு நெனச்சு நான்தான் ஆல்பத்தை முதல்ல எடுத்தேன்.”

பெரியவர் சீட்டைப் பார்த்தபடியே நின்றார். அந்தம்மாதான் அதை வாங்கி மடித்து, டாக்டர் சட்டைப் பையிலேயே செருகி, போகட்டும் என்று கையைத் தட்டிக்கொடுத்தார். டாக்டருக்கு அது அடி வாங்கியதைவிட அதிகமாக வலித்தது.

ஸ்பீக்கரில் திட்டு ஓய்ந்து, பாட்டு மறுபடி தலைதூக்கியது. பிடிவாதக்கார மனுஷன், விட்ட இடத்திலிருந்தே தொடங்கியிருந்தார். இதையாவது ஆசைதீரக் கேட்கட்டும் என்று டாக்டர் சத்தத்தைக் கூட்டினார்.

“பாட்டு கிடக்கட்டும் தம்பி” என்றார் பெரியவர். “அந்தத் திட்டை இன்னொரு தடவை போடுங்க.”