இருபது அடி

"சொந்த வீடு இருக்கு. மெத்தை இருக்கு. ஆனா அந்தம்மா வண்டியில படுத்துத் தூங்குது. இதுக்குப் பேரு என்னங்கறேன்?"

பக்கத்து வீட்டு வில்டாவின் பிக்கப் வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி க்ளோவிஸ் கேட்டார்.

"உள்ள புழுக்கமா இருக்கும்," என்றாள் மனைவி எர்லின். அவள் மூக்கில் குழாய். பக்கத்தில் மூச்சு மெஷின் முனகிக்கொண்டிருந்தது.

"ஜன்னலைத் தொறந்தா காத்து வருமில்ல? எல்லாத்தையும் இழுத்துச் சாத்தி வச்சிருக்கு. ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஒயர் தரேன்னேன், வேணாமாம். உன் மெஷினுக்குப் பத்தாமப் போயிடுமாம். கௌரவம், வேற என்ன?"

புயல் போய் ஒரு வாரம். லூசியானாவில் அந்தக் கால்வாய்க்கரைத் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. க்ளோவிஸின் தோட்டம் முழுக்க முழங்கால் தண்ணீர். வேலியோரம் மட்டும் ஒரு மேடு. அதன் மேல்தான் அவருடைய ஜெனரேட்டர்.

அந்த விஷயத்தில் மனுஷன் கறார். கராஜுக்குள் ஜெனரேட்டரை ஓட்டிய எதிர்வீட்டு ஆல்டனைத் தெருவில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

"வெளிய வச்சா திருடன் தூக்கிட்டுப் போயிடுவான் பெரியவரே."

"அவன் மெஷினைத்தான் தூக்குவான். புகை உன்னையே தூக்கிடும். வீட்டுலேர்ந்து இருபது அடி தள்ளி வை. ஒயரைச் சுவத்து ப்ளக்குல சொருகித் தொலைக்காத, கரண்ட் தெரு லைனுக்குத் திரும்பிப் போயி கம்பத்துல ஏறுற லைன்மேன் செத்துப்போவான்."

தன்னுடையதை டேப் பிடித்து அளந்துதான் வைத்திருந்தார்.

"வாயைக் குறை, கிழவா," என்றாள் எர்லின். "ஜம்பலாயா சோறு ஒரு தட்டு கொண்டுபோய்க் குடு. என்னத்தச் சாப்பிட்டாளோ."

வில்டா வண்டியில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். நெற்றியில் ஈரத்துணி.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"தலைவலி. தட்டை இங்கயே குடு."

"நல்லாருக்கு. மேசையில உக்காந்து சாப்பிடு." அவர் அவள் வீட்டுப் படியேறினார்.

"உள்ள போகாத, க்ளோவிஸ்."

"ஏன், புதையலா வச்சிருக்க?"

கதவைத் திறந்ததும், அடைந்து கிடந்த பெட்ரோல் புகை முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே படுக்கையறை வாசல் வரை போனார். மூடிய ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், அவருடைய ஜெனரேட்டர். புகைக்குழாய் நேராக அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அளந்தது சரிதான். தன் வீட்டிலிருந்து இருபது அடி.

தடுமாறி வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். வில்டா வண்டியை விட்டு இறங்கி வந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா வில்டா? வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாமே என்னை."

அவள் தட்டை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொன்னா அப்பவே ஆஃப் பண்ணியிருப்ப. மாத்தி வைக்க வேற மேடும் உனக்கு இல்ல. நான் வண்டியில மூச்சு விட்டுக்குவேன். எர்லின் எங்க போவா?"