மதிய மின்வெட்டு

"இன்னிக்கே இந்தம்மாவை வேலையை விட்டு அனுப்பிடப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்கண்ணே" என்றார் பார்சல் கம்பெனி முதலாளி.

எதிரே பேக்கிங் அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கேபிள்காரர் பையைக் கீழே வைத்தார். "விஷயத்தைச் சொல்லுங்க."

"தினமும் மதியம் பேக்கிங் மேஜை கேமரா மட்டும் அணையுது. கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா வருது. இந்தம்மா வயரைப் பிடுங்கிட்டுத் தூங்குது."

"நான் பிடுங்கலைங்க ஐயா."

"அப்ப அந்த நேரம் பார்த்து டேப் இழுக்கிற சத்தம் ஏன் நிக்குது? மத்த நேரமெல்லாம் கர்ர்ருனு காதைக் கிழிக்குதே. என் ரூமுக்கும் பேக்கிங் மேஜைக்கும் நடுவுல இருக்கிறது வெறும் பலகைத் தடுப்பு. எனக்குக் கேக்காதா?"

அக்கா முந்தானை நுனியைத் திருகினாள்.

"பார்த்தீங்களா, பதிலே இல்லை."

"அந்த நேரம் நீங்க என்ன பண்ணிட்டிருப்பீங்க?"

"நான் என்ன பண்ணுவேன்? உட்கார்ந்து கணக்குப் பார்ப்பேன்."

கேபிள்காரர் வெளியே போய், சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார். இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

"சார், கேமரா, போன், வைஃபை எதுக்கும் கரண்ட் தனியா வரலை. நெட் வயர் வழியா இந்தப் பெட்டிதான் ஊட்டுது. இதுகிட்ட இருக்கிறதோ அளவான கரண்ட். யாருக்கு எவ்வளவுன்னு பங்கு போட்டுதான் மாட்டிவிட்டேன். பத்தலைன்னா கடைசி ஆளைப் பட்டினி போட்டுடும்."

"கடைசி ஆள் யாரு?"

"பேக்கிங் மேஜை கேமரா. வாசல், கல்லா, குடோன் எல்லாம் முதல்ல, இது கடைசியா இருந்தா போதும்னு நீங்கதான் சொன்னீங்க."

"சரி. இத்தனை நாள் பத்தினது இப்ப ஏன் பத்தலை?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். புதுசா எதையாவது மாட்டினீங்களா?"

"ஒண்ணுமே மாட்டலை."

கேபிள்காரர் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பெட்டியில் அவர் காலியாக விட்டுப் போயிருந்த இடத்தில் ஒரு வயர் செருகியிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே நடந்தார். அது சுவரோரமாகப் போய், முதலாளியின் அறைக்குள் நுழைந்து, அவர் மேஜைக்கு அடியில் முடிந்தது. குனிந்து இழுத்தார்.

கால் அமுக்கிவிடும் மெஷின் வெளியே வந்தது.

"இது யாரு சார்? கேமராவா, போனா?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது. பிளக் பாயிண்ட் எட்டலைன்னு, ஏதோ சின்ன டப்பாவை வச்சு அவர்தான் இப்படி மாட்டிவிட்டார்."

"மூணு கேமரா சாப்பாட்டை இது ஒண்ணே முழுங்குது. நீங்க கணக்குப் பார்க்கிறப்ப காலும் சேர்ந்து பார்க்குமோ?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

முதலாளிக்குச் சுருக்கென்றது. லேசில் விடுகிற ஆள் இல்லை அவர்.

"கேமரா அணைஞ்சது என்னால. ஒத்துக்கிறேன். டேப் சத்தம் நின்னது யாரால? அதுக்குப் பதில் சொல்லு. இல்லைன்னா இப்பவே கிளம்பு."

அக்கா தரையைப் பார்த்தாள். கேபிள்காரர் பொறுமை இழந்தார்.

"சொல்லித் தொலையேம்மா. வேலை போகுது."

"வெளியாள் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னுதான் பார்த்தேன்" என்றாள் அக்கா. "மெஷின் உறுமத் தொடங்கினதும் ஐயா அசந்துடுவார். டேப்பை இழுத்தா பாவம், திடுக்குனு எழுந்துடுவாரேன்னு, குறட்டை நிக்கிற வரைக்கும் நான் பெட்டி மடிக்கிற வேலையை மட்டும் செய்வேன்."