நாட்டாமை கண்டுபிடித்த குழந்தை

புதூர்நாட்டு வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்க வேண்டிய செய்தி: மருமகள் கலைவாணிக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு குழந்தை இருப்பதை நாட்டாமை வேடியப்பன் கண்டுபிடித்துவிட்டார்.

அம்மா வீட்டுக்கு என்று ஜீப் ஏறியவளைப் பின்தொடர்ந்தார். அவள் போய் உட்கார்ந்தது வேலூரில், குழந்தைகள் இதய டாக்டர் வாசலில்.

எதிரில் கிடந்த நாற்காலியில் மிடுக்காக அமர்ந்தார். "புள்ள எங்க? பஞ்சாயத்துல வெச்சு கல்யாணத்தையே அத்து வுட்டுடுவேன்."

"இப்போ கூப்புடுவாங்க மாமா, பாருங்க."

"கலைவாணி பாப்பா, வாம்மா," என்றார் நர்ஸ்.

கலைவாணி எழுந்தாள். "பொறக்கும்போதே இதயத்துல ஓட்டை மாமா. சின்ன வயசுல அடைச்சது இந்த டாக்டருதான். பெரியவங்க டாக்டரு, 'பொறவி நோவா? கொழந்தை டாக்டரையே பாரு'ன்னுட்டாரு. சொன்னா கட்டிக்க மாட்டீங்கன்னு மறைச்சிட்டேன்."

தீர்ப்புச் சொல்ல நாட்டாமை எழுந்தார். குழந்தைகள் நாற்காலியும் இடுப்போடு கூடவே எழுந்தது. மருமகள்தான் பிடித்து இழுத்துக் கழற்றினாள்.

பஞ்சாயத்து கூடவில்லை.