ஐந்தாம் தொகுதியின் ஆட்கள்

வரைபடத்தின்படி ஐந்தாம் தொகுதியில் வாக்களிக்கும் வயதில் கறுப்பினத்தவர் நாலாயிரம் பேர், வெள்ளையர் மூவாயிரம் பேர். ஆனால் அங்கே நீதிபதி தேர்தலில் நிற்கும் கறுப்பினப் பெண் வெர்லீன் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டியும் தன் இனத்தார் இரண்டாயிரம் பேருக்கு மேல் தேறவில்லை.

அமெரிக்காவில், லூசியானாவின் அந்த ஊரில் வெள்ளையர்தான் அதிகம்; எல்லா நீதிபதிகளையும் ஊர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்ததால், எப்போதும் வெள்ளையர்தான் ஜெயித்தார்கள். பதினெட்டு வருட வழக்குக்குப் பின், தொகுதிக்கு ஒரு நீதிபதி என்று மேல்நீதிமன்றம் உத்தரவிட்டது. கறுப்பினத்தவர் ஜெயிக்கக்கூடியது ஐந்தாம் தொகுதி மட்டும்தான். வெர்லீனை எதிர்த்து நின்றவர், இருபது வருடமாகப் பதவியில் இருந்த நீதிபதி டெரியோ.

"மீதி ரெண்டாயிரம் பேரு எங்கதான் போனாங்க, கர்லி?"

"கல்லறையையும் சேத்து எண்ணிட்டானுங்களோ என்னவோ. அங்கயும் போய்க் கதவத் தட்டு," என்றான் வண்டி ஓட்டிய தம்பி.

வரைபடத்தில் எல்லைக்கோடு கரும்புக்காட்டைத் தாண்டி வால்போல் நீண்டிருந்தது. வாலின் நுனிவரை போனார்கள். அங்கே முள்வேலியும் இரும்புக் கதவும் இருந்தன.

"உள்ள எத்தனை பேருங்க?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

"ரெண்டாயிரம், மேடம். எல்லாம் உங்க ஆளுங்கதான். முக்காவாசிப் பேர நீதிபதி டெரியோதான் அனுப்பி வச்சாரு."

கைதிகளுக்கு ஓட்டுக் கிடையாது.

வண்டியில் கர்லி மெல்லக் கேட்டான்: "அப்போ சனிக்கிழமை தேர்தல்?"

"சனிக்கிழமை தோத்துருவோம். திங்கக்கிழமை மறுபடி வழக்குப் போடணும். சிறையில இருக்கறவங்களக் கழிச்சிட்டு, ஓட்டு இருக்கறவங்கள மட்டும் எண்ணி, கோட்ட மாத்திப் போடணும்."