மரத்திலேயே துப்பியவன்

"இந்த வருஷமும் அந்த ஆர்வில் ஆப்பிள் மேல கை வெச்சான்னா, கையை ஒடிச்சிடுவேன்!" என்றாள் விழாக் குழுத் தலைவி லோர்னா.

மிச்சிகனில் எங்கள் ஊர் வழக்கம் இது. அறுவடையின் முதல் நாள், ஆப்பிள் சங்கத் தலைவர் மேடையில் முதல் பழத்தைக் கடிக்க வேண்டும். அதற்குமுன் ஒருவரும் ஏணியில் கால் வைக்க மாட்டார்கள்.

நாலு வருஷமாகத் தலைவர் டெக்கர்தான். ஊரிலேயே பெரிய தோட்டம் அவருடையது. அங்கே இருபது வருஷ மேஸ்திரி ஆர்வில்.

முதல் வருஷம், மேடையேறிப் பழத்தைப் பிடுங்கித் தின்றான். "பசி தாங்கல," என்றான்.

அடுத்த வருஷம் குதிரையோடு வந்தான். குதிரை தின்றது.

போன வருஷம், வாழ்த்துகிறேன் பேர்வழி என்று டெக்கரைக் கட்டிப் பிடித்து, அவரையும் தள்ளிக்கொண்டு விழுந்து, ஆப்பிள் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

தங்கமான மனுஷர் டெக்கர். ஒரு தடவைகூட அவனைக் கண்டிக்கவில்லை. லோர்னாவுக்கு அதில்தான் வயிற்றெரிச்சல்.

இந்த வருஷம் இரண்டு தீயணைப்பு வீரர்கள் ஆர்விலை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள். பேண்டு முழங்கியது. டெக்கர் ஆப்பிளை வாயருகே கொண்டுபோனார். முகமெல்லாம் வியர்வை.

"மொதலாளி, கடிக்காதீங்க! அதுல நான் எச்சில் துப்பியிருக்கேன்!" என்று கத்தினான் ஆர்வில்.

"எப்பய்யா துப்பின?" என்றாள் லோர்னா.

"காலைல!"

"நானே இப்பதானே மரத்துலேருந்து பறிச்சேன்!"

"மரத்துலயே துப்பிட்டேன்!"

கூட்டம் 'சீச்சீ' என்றது. லோர்னா மைக்கைப் பிடுங்கினாள்.

"மிஸ்டர் டெக்கர், இவனை இப்பவே வேலையை விட்டு நிறுத்துங்க. இல்லன்னா நாங்க எல்லாரும் சங்கத்தை விட்டுப் போறோம்!"

"ஆமா, நிறுத்துங்க!" என்றது கூட்டம்.

ஆர்வில் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், மூன்று பிள்ளைக்காரன்.

"நிறுத்திக்குங்க மொதலாளி, பரவால்ல. ஆனா கடிச்சிடாதீங்க. எச்சில்!"

டெக்கர் ஆப்பிளைக் கீழே வைத்தார். மைக்கை வாங்கினார்.

"எனக்கு ஆப்பிள் ஒவ்வாமை. நாலு வருஷம் முன்னாடி டாக்டர் கண்டுபிடிச்சார். வேகவெச்சா ஒண்ணும் பண்ணாது, ஆப்பிள் வெச்சுச் சுடுற 'பை' பலகாரம்னா நாலு துண்டு சாப்பிடுவேன். வேகாம ஒரு கடி கடிச்சாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைச்சிடும். அதுக்கான ஊசி எப்பவும் பக்கத்துல இருக்கணும்."

ஆர்விலின் சட்டைப் பையைக் காட்டினார்.

"அதோ, அவன்கிட்ட இருக்கு. தன் தோட்டத்துப் பழத்தையே தின்ன முடியாதவன்னு ஊர் சிரிக்குமேன்னு நான் வாயைத் திறக்கல. எனக்காகத்தான் அவன் வருஷா வருஷம் உங்ககிட்ட திட்டு வாங்கினான்."