மேசை சோடிக்க வந்த அக்கா

“பிள்ளை, இந்த லேஸ் விரிப்பை எடு. செத்தவீட்டு மேசை மாதிரிக் கிடக்கு.”

கொறற்றிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மன்னாரிலிருந்து தங்கச்சி பின்னி அனுப்பிய விரிப்பு அது. இன்றைக்கென்றே பெட்டியிலிருந்து எடுத்து, சுருக்கம் போக மினுக்கி விரித்திருந்தாள். இருந்தும் வாயைத் திறக்காமல் அதை மடித்தாள். புருசன் வழிச் சொந்தத்திடம் வாய் காட்டினால் என்ன ஆகும் என்பது அவள் பட்டறிந்த விசயம்.

முன்பு ஒருமுறை, ஞானஸ்நான வீடொன்றில், வாசலில் நின்ற பெரியவரைப் பார்த்து “நீங்கள் ஆர்?” என்று கேட்டுவிட்டாள். அவர் புருசன் அம்புறோசின் சித்தப்பா. ஹம்பேர்க்கில் ஒருவர், ஸ்ருட்கார்ட்டில் ஒருவர் என்று சிதறிப்போன குடும்பத்தில் எல்லார் முகமும் யாருக்குத்தான் நினைவிருக்கும்? அந்த மனுசன் சாப்பிடாமல் எழும்பிப் போனார். இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வருகிறவரை ‘ஆர்’ என்று கேட்கும் பழக்கத்தை கொறற்றி அன்றோடு விட்டுவிட்டாள்.

அதனால்தான், இன்று குசினியில் நண்டுக்கறியைக் கிளறிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பின்னால் அம்புறோஸ் இரண்டு பெரிய பைகளைச் சுமந்து வருவதைக் கண்டதும், “வாங்கோ அக்கா” என்று சிரித்து வைத்தாள்.

“இந்தக் கெல்சென்கிர்ச்சன் ஊரில கட்டடமெல்லாம் ஒரே அச்சு. ஏறிக் களைச்சுப்போனன்” என்றாள் அக்கா. “போனமுறை மஞ்சளாக் கிடந்த சுவரை வெள்ளையாக்கிப் போட்டியள் போல?”

ஒன்பது வருடமாக அந்தச் சுவர் பெயின்ற் காணவில்லை. குத்தல் கதை என்று கொறற்றி பல்லைக் கடித்தாள்.

“அவன் எங்க, காணேல்லை?”

“ஸ்ரேசனுக்குப் போட்டான் அக்கா, இப்ப வந்திடுவான்” என்றார் அம்புறோஸ் பவ்வியமாக.

அவன் என்றால் மகன் ஜோன்சன். லிசாவையும் அவளுடைய தாய் தகப்பனையும் கூட்டிவரப் போயிருந்தான். ஜோன்சன் கட்ட நினைக்கும் ஜேர்மன்காரப் பெட்டைதான் லிசா. அவளுடைய தகப்பன் எப்போதோ தலையாட்டிவிட்டார். தாய்க்காரி மட்டும் “முதலில் அவர்கள் வீட்டை ஒருக்கால் பார்க்கிறேன்” என்று நின்றாள். இந்த ஒரு நேரச் சாப்பாட்டில்தான் பிள்ளையின் கலியாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

விரிப்பை எடுப்பித்த கையோடு அக்கா பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பழுத்த இலைகள், மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகள், உள்ளங்கையளவு பூசணிக்காய்கள், மெழுகுதிரி வைத்த ஜாம் போத்தல்கள் எல்லாம் மேசையில் கொட்டுப்பட்டன.

“அக்கா, இது வாசலில கூட்டித் தள்ளுற குப்பை எல்லோ?”

“ஒக்ரோபரில ஜேர்மன்காரர் இதைத்தான் மேசையில வைப்பினம். நான் பூக்கடையில வேலை செய்யிறன், எனக்குச் சொல்லித் தாறியோ?”

“அப்ப நண்டுச் சட்டியை எங்க வைக்கிறது?”

“குசினியில வை. நடுவில பூசணிக்காய்க்கு இடம் வேணும்.”

விடிய எழும்பிச் சமைத்த நண்டுக்கு இடமில்லை, அவிக்கவும் உதவாத பூசணிக்காய்க்கு நடு மேசை! கொறற்றிக்கு அழுகையே வந்துவிட்டது. தன் வீட்டில் தண்ணீர்க் குவளை இருக்கும் இடம் தெரியாத அம்புறோஸ், அக்கா சொன்ன சொல்லுக்கு ஒவ்வொரு கொட்டையாகத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சேர்ட்டில் பிடித்து நடைக்கு இழுத்தாள்.

“வாயில என்ன கொழுக்கட்டையோ? ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்!”

“எனக்கேன் வில்லங்கம்? சொல்லுறதெண்டால் நீர் சொல்லும்.”

“நான் சொன்னால் பிறகு குடும்பச் சண்டை.”

“அதுதான் நானும் பேசாமல் இருக்கிறன்.”

வாசல் மணி அடித்தது. இனி ஒன்றும் செய்ய ஏலாது. அந்தோனியாரே காப்பாற்றும் என்று சிலுவை போட்டுக்கொண்டு கொறற்றி கதவைத் திறந்தாள்.

ஜோன்சனும் லிசாவும் முன்னே வந்தார்கள். பின்னால் புருசனோடு வந்த லிசாவின் தாய் மேசையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். மெழுகுதிரி வெளிச்சத்தில் இலைகள் சிவப்பும் பொன்னுமாகக் கிடந்தன. குனிந்து ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

“எங்கள் வீட்டில்கூட இவ்வளவு அழகாக வைத்ததில்லை” என்றாள் ஜேர்மன் மொழியில். பிறகு ஜோன்சனையும் லிசாவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். “இதை யார் செய்தது? கலியாண மேசையையும் அவர்தான் சோடிக்க வேண்டும்!”

கலியாண மேசை! பட்ட எரிச்சலெல்லாம் கொறற்றிக்குப் பறந்துவிட்டது. பாவம், இந்த மனுசியைப் போய் மனசுக்குள் என்னவெல்லாம் திட்டித் தீர்த்தேன் என்று வெட்கமாக இருந்தது. அக்காவின் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தாள்.

“என் கணவரின் அக்கா!” என்றாள், தெரிந்த ஜேர்மனில் பெருமையாக.

“என் மனைவியின் பெரியம்மா மகள்!” என்றார் அம்புறோஸ், அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அக்காவைப் பார்த்தார்கள்.

அக்காவின் கைப்பைக்குள் கைத்தொலைபேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவள் அதட்டினாள்:

“எங்க நிக்கிறனோ? நீ கேட்டபடி உன்ர வீட்டு மேசையைச் சோடிச்சுப்போட்டு நிக்கிறனடா, ராசன்!”